காசிச் செம்பு

மூடிய செம்புக்குள் இருக்கும் கங்கை நீர் எத்தனை காலமானாலும் கெடாது என்று எங்கள் வீட்டில் நம்பினோம். பிரியும் உயிருக்கு அதில் ஒரு வாய் கொடுத்தால் போகிற வழியில் தாகம் இருக்காது என்பதும், அதுவரை மூடியைத் திறக்கலாகாது என்பதும் அந்த நம்பிக்கையில் அடக்கம். காசிக்குப் போய்வந்த அத்தை, தன் தம்பியான என் அப்பாவுக்குக் கொடுத்தது அந்தச் சிறிய செப்புச் செம்பு. அதன் வாயை ஈயத்தால் அடைத்திருந்தார்கள். மரக்காணத்து உப்பளத்தை ஒட்டிய எங்கள் வீட்டில், சாமிப் படங்களுக்கு நடுவே வெகுகாலம் அசையாமல் இருந்தது.

இரண்டாயிரத்து நான்கின் கடைசி ஞாயிறன்று கடல் உப்பளத்தைத் தாண்டி வீட்டுக்குள் வந்தது. கிளியனூரில் ஒரு கருமாதிக்குப் போயிருந்ததால் நாங்கள் பிழைத்தோம். திரும்பி வந்தபோது செம்பு சேற்றில் கவிழ்ந்து கிடந்தது. ஈயத்தின் ஓரத்தில் மெல்லிய விரிசல். அப்பா அதன்மேல் மெழுகை உருக்கி ஊற்றி, இருந்த இடத்திலேயே வைத்தார். ஆனால் உள்ளே இருப்பது கங்கைதானா, கடலும் கலந்துவிட்டதா என்ற கவலை அம்மாவைப் பிடித்துக்கொண்டது.

அப்பா உப்பளத் தொழிலாளி. பாத்தி நீரை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தே, அதை அடுத்த பாத்திக்குத் திறந்துவிடலாமா என்று சொல்லிவிடுவார்.

"தொறந்து ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாருங்களேன்," என்றாள் அம்மா.

"தொறந்தா நான் சாவணும்னு நீதானே சொல்லி வச்சிருக்க? ரெண்டுல எது வேணும், சொல்லு."

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராது."

"உப்பு நக்குன வாயிடி. அப்படித்தான் இருக்கும்."

இரண்டாயிரத்து ஆறின் மழைக்காலத்தில், பாத்திகள் எல்லாம் வெள்ளத்தில் கிடந்தபோது, அப்பா படுத்துவிட்டார். இனி வைத்தியமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு பிற்பகலில் அம்மா கத்தியால் மெழுகையும் ஈயத்தையும் நெம்பி எடுத்தாள். கரண்டியில் ஊற்றி அவர் வாயருகே கொண்டுபோனாள்.

அப்பா கண்ணை மூடி, பாத்திக் கரையில் நிற்பதைப் போலவே, அதைச் சற்று நேரம் நாக்கில் வைத்திருந்தார்.

"கரிக்குதா?"

"இல்லடி. எங்க அக்கா குடுத்த மாதிரியே இருக்குது. இன்னும் கொஞ்சம் ஊத்து."

அம்மா ஊற்றினாள். அவள் முகம் தெளிந்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கேற்றும் முன்பே போய்விட்டார்.

உறவினர் வந்து நிறைந்த பிறகு, செம்பைக் கழுவப் பின்கட்டுக்கு எடுத்துப்போனேன். அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது, கடலைப் போலவே.

"மிச்சம் இருந்துச்சேடி, என்ன பண்ணுன?" என்று கேட்டபடி அம்மா பின்வாசற்படிக்கு வந்தாள்.

அவள் கைநீட்டுவதற்குள் அவ்வளவையும் குடித்திருந்தேன்.

"நான் குடிச்சிட்டேம்மா."

"நல்லா இருந்துச்சா?"

"அப்பா சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு."

அவள் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள்.

அந்த வீட்டில் இப்போது அம்மா மட்டும் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச்சேரியிலிருந்து பேருந்தேறி நான் போகிறேன்.