முதல் ஐம்பது பக்கம் மட்டும் அழுக்கான புத்தகங்கள்

பேண்டேஜ் துணி ஆலை அலுவலகத்தில் பார்சல் ரசீதுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது தாசன் அண்ணன் போன் செய்தார். "கோமதி, ஜெபா போயிட்டாம்மா" என்றார். "வாரேண்ணே" என்று போனை வைத்தேன். பக்கத்து மேசை இருபத்திரண்டு வருடமாக அவர் மனைவி ஜெபமணியுடையது. மம்சாபுரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுதேன்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்தில், புத்தகங்களைப் பின்னட்டையிலிருந்து திறந்து பார்க்கும் பெண்மணியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அவள்தான். மாய யதார்த்த நாவல்கள் என்றால் அவளுக்கு உயிர். அதிலும் இருட்டான கதைகளாக இருக்க வேண்டும். "பேய்க் கதையாம்மா?" என்று நூலகர் ஒருமுறை கேட்டார். "இல்ல சார். பேய்க் கதைன்னா பேயக் கண்டதும் எல்லாரும் ஓடுவாக. இதுல ஒருத்தரும் ஓட மாட்டாக. பேய்க்கும் சேத்து ஒல வைப்பாக" என்றாள். அவர் பாவம், அலமாரியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அப்படியொரு அலமாரி எந்த நூலகத்திலும் கிடையாது. அதனால் அவளே ஒரு வழி வைத்திருந்தாள். புத்தகத்தின் கடைசியில் ஒட்டிய தாளில் தேதி முத்திரைகள் நெருங்கி விழுந்திருக்க வேண்டும். கொண்டுபோனவர்கள் இரண்டே நாளில் திருப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். முதல் ஐம்பது பக்கம் கைபட்டு அழுக்காகவும், மிச்சம் புதுசாகவும் இருக்க வேண்டும். "பயந்து போட்டுட்டு ஓடியிருக்காக ஏட்டி. இது நம்ம புஸ்தகம்" என்பாள். பத்துக்கு ஏழு பழுதில்லை. ஒருமுறை அப்படி எடுத்துவந்த தடித்த நாவலை, இதோ பயங்கரம் வரும், அதோ வரும் என்று இரண்டு வாரம் இழுத்துப் படித்தாள். "கடைசி வரைக்கும் ஒருத்தனும் சாகல கோமதி. அறுவ தாங்காமத்தான் திருப்பிக் குடுத்திருக்காக" என்று அவள் சொன்னபோது அலுவலகமே சிரித்தது.

போன வருடம் நோய் வந்தது. மருந்தின் வேகத்தில் கண் மங்கியது. ஞாயிறுதோறும் நான் போய்ப் படித்துக் காட்டினேன். கடைசியாக எடுத்த நாவலில் ஓர் ஊர். அங்கே சாகப் போகிறவரின் தலையணையில் காலையில் உப்புப் பூத்திருக்கும். வீட்டார் ஒன்றும் பேசாமல் அதை உதறி உறையை மாற்றிவிடுவார்கள். கதாநாயகியின் தலையணையிலும் ஒருநாள் உப்பு.

அந்தப் பக்கத்தை அப்படியே படிக்க எனக்கு மனம் வரவில்லை. "மறுநாள் தலையணை சுத்தமாக இருந்தது" என்று நானாகவே ஒரு வரியைச் சேர்த்துப் படித்தேன். அடுத்த ஞாயிறு, கதாநாயகியை ஊரைவிட்டே அனுப்பிப் பிழைக்க வைத்தேன். ஜெபமணி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, உப்ப ஏன் தட்டிவிட்ட?"

நான் புத்தகத்தை மடியில் இறக்கினேன்.

"இந்த வீட்டுல எல்லாரும் பொய்தான் சொல்லுதாக. அவுக எனக்குத் தெரியாம அழுதுட்டு வந்து, சளி பிடிச்சிருக்குங்காக. நீயுமா? புஸ்தகத்துல உள்ளதப் படி."

திரும்பிப் போய் உள்ளது உள்ளபடி படித்தேன். உப்பு கூடிக்கொண்டே போனது. நடுவில் என் கையைப் பிடித்து நிறுத்தி, "எனக்கு எம்புட்டு நாளாம்?" என்று கேட்டாள். சொல்லக்கூடாது என்று தாசன் அண்ணன் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். சத்தியத்தை மீறினேன். "ரெண்டு மாசம்னாகளாம் ஜெபா."

என் கையை விட்டாள். "செரி. மிச்சம் எம்புட்டுப் பக்கம் இருக்கு?" என்றாள்.

நூற்றுப் பத்து. மூன்று ஞாயிறுகளில் முடித்தோம்.

நான் சொன்னது தெரிந்த பிறகு, சாவுச் செய்தி சொன்ன அந்தப் போனைத் தவிர, தாசன் அண்ணன் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தை விட்டு வரும்போதுதான் பக்கத்தில் வந்து நின்றார். "நீ சொன்னேன்னு உன்மேல ஆத்திரமா இருந்தேம்மா. ஆனா அன்னைக்குப் பொறவுதான் ரெண்டு பேரும் சேந்து அழுதோம். அதுவர அவளும் தனியாத்தான் அழுதிருக்கா" என்றார்.

பிரியமானவர்களிடம் பொய் சொல்லித் தேற்றுவது நல்ல குணம் என்று ஐம்பது வயதுவரை நம்பியிருந்தேன். அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள் ஜெபமணி. பதிலுக்கு, வலிக்கிற பக்கத்தையும் தாண்டாமல் வாசிக்கிற குரல் ஒன்றை எனக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். படிக்கும்போது அது இன்னும் நடுங்கத்தான் செய்கிறது.