பங்களா பெட்ஷீட்டு

இன்னைக்குப் போடியில எங்க ஆத்தாவுக்கு விலை கூடின பெட்ஷீட்டு ஒண்ணு வாங்கினேன். "பச்சத் தண்ணியில அலசி நெழல்ல காயப்போடுங்கண்ணே"ன்னார் கடைக்காரர்.

எனக்கா சொல்றார்?

எண்பதுகள்ல மலையில, எஸ்டேட் பங்களா விரிப்பெல்லாம் துவைச்சது எங்க ஆத்தாதான். ஒரு அடைமழையில ஏலக்காய் உலர்த்துற ஸ்டோர்ல காயப்போட்டுச்சு. துணியில ஏலக்கா வாசம் ஏறிருச்சுன்னு முதலாளியம்மா அன்னைக்கே வேலையை விட்டு நிறுத்திட்டாங்க.

இப்ப ஆத்தாவுக்கு ஞாபகம் தடுமாறுது. புது விரிப்புல படுக்க வச்சேன். தடவிப் பாத்துட்டுப் பதறி எந்திரிச்சிருச்சு.

"அப்பு, பங்களா துணிடா! வெரசா எடு. என் மேலு வாசம் அதுல ஏறுனா இந்தச் சோலியும் போயிரும்."

தரையிலேயே தூங்கிருச்சு.

துவைக்கிறது எப்படின்னு கடையில சொல்லிட்டாங்க. அதுல ஆத்தாவைப் படுக்க வைக்கிறது எப்படின்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.