பெருமாநல்லூர் ரோட்டில் அந்த நாற்பது போர்டு எங்கே இருந்தது?

இன்று காலை பெருமாநல்லூர் ரோட்டில், ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று அரசாங்கம் எங்களைக் குறிபார்த்தது.

கையில் வேகத்தை அளக்கும் ஸ்பீட் கன். மாட்டியது எங்கள் பனியன் கம்பெனி வேன்.

ஓட்டியவர் சண்முகம். பின்னால் பன்னிரண்டு டெய்லர் அக்காக்கள். முன்சீட்டில் எச்.ஆர். மேனேஜர் என்ற பட்டத்தோடு நான்.

எட்டரைக்குக் கம்பெனி கேட்டை மூடிவிடுவார்கள். அப்புறம் வந்தால் அரை ஷிப்ட் போச்சு. (அந்த நோட்டீஸை டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டவன் நானே.)

அதனால்தான் "சண்முகம், கொஞ்சம் வெரசாப் போங்க" என்றேன். போனார்.

எதிரே வந்த லாரிக்காரர் இரண்டு முறை லைட் அடித்தார். முன்னால் போலீஸ் என்று அர்த்தம். எல்லாக் கட்சிக்காரர்களும் ஒற்றுமையாகச் செய்யும் ஒரே பொதுச்சேவை இந்த ஊரில் இதுதான்.

சண்முகம் பிரேக்கை மிதிப்பதற்குள் கன் முந்திக்கொண்டது.

"அறுபத்து மூணு. இங்க நாப்பதுதான். லைசென்ஸ் எடுங்க" என்றார் எஸ்.ஐ.

"சார், நாப்பதுன்னு போர்டு ஒண்ணும் கண்ணுல படலீங்களே."

"இருக்கு. லைசென்ஸ் ஆர்.டி.ஓ.வுக்குப் போகும். மூணு மாசம் வண்டி ஓட்ட முடியாது."

சண்முகத்தின் முகம் வெளுத்துவிட்டது. என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார்.

"மூணு மாசம் கழிச்சு வந்தா என்ற சீட்டுல வேற ஆள் உக்காந்திருப்பானுங்க சார்."

உண்மை. எங்கள் முதலாளி மூன்று நாள்கூடப் பொறுக்க மாட்டான். (ஒருமையில் சொல்ல எனக்கு உரிமை உண்டு. கல்லூரியில் என் பக்கத்து பெஞ்ச். அவனுக்கு அரியர் நான்கு, எனக்கு முதல் வகுப்பு. இப்போது அவனை 'சார்' என்று கூப்பிடுவது நான்.)

பெயரை நினைத்ததும் ஆளே வந்துவிட்டான். அவனுடைய வெள்ளைக் கார் எங்களைத் தாண்டிப் பறந்தது. நிச்சயம் எண்பதுக்கு மேல்.

அந்த நேரம் பார்த்துக் கான்ஸ்டபிள் கன்னின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. இறங்கினேன். பொது நிர்வாகத்தில் எம்.ஏ. படித்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. அந்தப் படிப்புக்கு இன்றுதான் வேலை வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"சார், விபத்தைத் தடுக்கிறதுதான் நோக்கம்னா, எல்லாருக்கும் தெரியற மாதிரி ரோட்டோரமா நில்லுங்க. பாத்த உடனே அவனவன் மெதுவாப் போவான். மரத்துக்குப் பின்னால எதுக்கு?"

"எல்லாரும் மெதுவாப் போயிட்டா சாயங்காலம் ஸ்டேஷன்ல நான் என்னத்தக் காட்டுறது?" என்றார் எஸ்.ஐ. நேர்மையான மனிதர்.

"சரி, அந்த போர்டையாவது காட்டுங்க."

வந்த வழியிலேயே கொஞ்ச தூரம் திரும்பி நடந்தோம். சண்முகமும் வந்தார். அரை ஷிப்ட் எப்படியும் போகப்போகிறது, வேடிக்கையாவது மிஞ்சட்டும் என்று அக்காக்களும் இறங்கி வந்தார்கள்.

கம்பம் இருந்தது. அதன் தலையில் வட்ட போர்டும் இருந்தது. நாற்பதைத்தான் காணவில்லை. அதன்மேல் கச்சிதமாக ஒரு மஞ்சள் போஸ்டர்.

'ஆட்கள் உடனடித் தேவை. ஓவர்லாக் டெய்லர், செக்கிங் பெண்கள். தங்குமிடம் இலவசம்.' கீழே ஒரு போன் நம்பர்.

"பாத்தீங்களா சார்?" என் குரல் எனக்கே பிடித்திருந்தது. "போர்டையே மறைச்சு வெச்சிருக்கான். டிரைவரைப் புடிச்சு என்ன பிரயோஜனம்? இதை ஒட்டுனவனைப் புடிங்க."

"நியாயம்தான். ஒட்டுனவனையே புடிப்போம்."

எஸ்.ஐ. போனை எடுத்தார். நம்பரைப் பார்த்துப் பார்த்து அழுத்தினார்.

என் சட்டைப்பையில் மணி அடித்தது.

திருப்பூரில் எல்லா போஸ்டரும் ஒரே மஞ்சள், ஒரே சிவப்பு எழுத்து. பக்கத்துக் கம்பெனிக்காரன் கூலியைக் கூட்டிச் சொல்லி ஆளை இழுத்துவிடுவான் என்று யாரும் கம்பெனி பெயர் போடுவதில்லை. நம்பரை வாசிக்காதவரை, இது எங்கள் போஸ்டர் என்று எனக்கு எப்படித் தெரியும்? 'ரோட்ல வர்றவன் கண்ணுல படற எடமாப் பாத்து ஒட்டச் சொல்லு' என்றான் முதலாளி. சொன்னேன். ஒட்டுகிறவர் நல்ல இடமாகத்தான் பார்த்திருக்கிறார்.

"எடுங்க சார். யாரோ கூப்பிடுறாங்க" என்றார் எஸ்.ஐ.

அக்காக்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"கேஸ் ஒண்ணு எழுதியாகணும். வேகமாப் போனதுக்கு அவர் மேல எழுதட்டா, அரசாங்க போர்டை மறைச்சதுக்கு உங்க மேல எழுதட்டா?"

நான் இன்னும் அடித்துக்கொண்டிருந்த போனைக் கட் செய்து, பத்திரமாகச் சட்டைப்பையில் போட்டேன்.

"என்ற மேலயே எழுதிக்குங்க சார். அவரு படிச்சவரு" என்றார் சண்முகம்.

அப்போது செல்வி என்ற ஓவர்லாக் அக்கா முன்னால் வந்தார்.

"ஏனுங்க சார், போஸ்டர் ஒட்டச் சொன்னது நீங்க. வெரசாப் போகச் சொன்னதும் நீங்க. அவரு என்னங்க பண்ணுனாரு?"

பன்னிரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். எந்தப் பரீட்சையிலும் எனக்கு அப்படி வியர்த்ததில்லை.

"என் பேரை எழுதிக்குங்க" என்றேன்.

எழுதிக்கொண்டார். லைசென்ஸ் சண்முகத்தின் பைக்குத் திரும்பியது. போஸ்டரை அங்கேயே கிழிக்க வேண்டும் என்பது கூடுதல் நிபந்தனை. வேனைக் கம்பத்தடிக்குக் கொண்டுவந்து, அதன் படியில் ஏறி நின்று நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. செல்வி அக்கா தன் பையிலிருந்து நூல் வெட்டும் ட்ரிம்மரை எடுத்து நீட்டினார். அதன் முனையால் சுரண்டச் சுரண்ட, முதலில் நான்கு வந்தது. பிறகு பூஜ்யம்.

கம்பெனிக்கு வந்தபோது ஒன்பதே கால். கேட் மூடியிருந்தது.

"நான் என்னங்க சார் பண்றது? நோட்டீஸ்ல உங்க கையெழுத்துங்க" என்று கேட்டில் ஒட்டியிருந்ததைக் காட்டினார் வாட்ச்மேன்.

ட்ரிம்மர் இன்னும் என் கையில்தான் இருந்தது. இன்று நான் கிழித்த இரண்டாவது காகிதம் அந்த நோட்டீஸ். பன்னிரண்டு பேரும் முழு ஷிப்ட்டுக்கு உள்ளே போனார்கள்.

முதலாளி சாயங்காலம் என்னை ரூமுக்கு வரச் சொல்லியிருக்கிறான்.

அந்தப் பக்கம் போகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'எச்.ஆர். மேனேஜர் உடனடித் தேவை' என்று புது மஞ்சள் போஸ்டர் தென்பட்டால், அதை எந்த போர்டின் மேல் ஒட்டியிருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா?