பதினாறு டியூப், நான்கு கதவு

"எண்பத்திரண்டு. அக்கா, நீங்க பின் மூலைக்குப் போங்க."

தெப்பக்காரர் தனூன் சொன்னது அந்த அம்மாளின் எடையை. வெள்ளிக்கிழமை, ஆற்றுத் திட்டில் மீன் சுடப் போகும் கூட்டம் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார். அந்த அம்மாள் கொதித்துப்போனாள்.

"நாக்கு அழுகிடும் உனக்கு! எழுபத்தஞ்சுதான்."

"அது உங்க கல்யாணத்தன்னிக்கு. என்கிட்ட பொய் சொல்லுங்க, ஆத்துக்கிட்ட வேணாம்."

மோசுல் சந்தையில் முப்பது வருடம் ஆடு விற்றவர். பார்த்த பார்வையிலேயே எடை சொல்லிவிடுவார். ஆடுகள் கோபித்துக்கொள்ளாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவருடைய தெப்பத்தில் அடியில் பதினாறு டிராக்டர் டியூப், மேலே இடிந்த வீடுகளின் நான்கு கதவு. நீலக் கதவு அவர் வீட்டுடையது. பச்சைக் கதவு யாருடையது என்று இதுவரை தெரியவில்லை; அதன் தாழ்ப்பாள் இன்னும் இருக்கிறது, அலையில் தானாகக் கிலுங்கும். ஒவ்வொரு தடவையும் துடுப்பைத் தொடுவதற்கு முன் குனிந்து அந்தப் பச்சைக் கதவை மூன்று தரம் தட்டுவார். ஏன் என்று கேட்டால், "கேக்காம ஒருத்தர் கதவு மேல ஏறலாமா?" என்பார்.

டியூப்களைக் கட்டுவதிலும் ஒரு பிடிவாதம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கயிறு, தனி முடிச்சு. "ஒருத்தன் போனா மத்தவனும் ஏன் போகணும்?"

போரில் பாலங்கள் எல்லாம் முறிந்து கிடந்த கோடையில், டைக்ரிஸ் ஆற்றின் இக்கரைக்கும் அக்கரைக்கும் நடுவே இந்தத் தெப்பம்தான் ஓடியது. காயம்பட்டவர்கள், ஒரு கல்யாணப் பெண், இரண்டு தையல் மிஷின், கூண்டோடு புறாக்கள். கால் நனைந்தவர்கள் உண்டு. தலை நனைந்தவர் ஒருவர்கூட இல்லை. தனூனுக்கு இருக்கும் ஒரே சொத்து அந்தப் பேச்சுதான்.

அதைக் கேட்டுத்தான் பாக்தாதிலிருந்து தொலைக்காட்சிக்காரர் சர்மத் வந்தார். ரமலான் மாதத்தில் ஒளிபரப்ப ஒரு தொடர் எடுக்க.

"நடு ஆத்துல தெப்பம் பிரியணும். எல்லாரும் மூழ்கணும். பாக்கறவங்க அழணும்."

"வேற ஒண்ணு கட்டி அத மூழ்கடிங்க, உஸ்தாத்."

"ஊருக்கே தெரிஞ்ச தெப்பம் இதுதானே?"

"அதனாலதான் முடியாதுங்கறேன். இதுல ஏறுனவங்க எல்லாரும் உயிரோட இருக்காங்க. நோன்பு துறக்க உக்காந்தா, டிவியில தாங்களே செத்துக்கிட்டு இருக்கிறதப் பாக்கணுமா? அப்புறம் எந்தத் தாய் பிள்ளையோட இதுல ஏறுவா?"

சர்மத் சிரித்தார். சரி, அக்கரைக்குப் போவதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்றார். தனூன் நம்பினார். எட்டு நடிகர்களையும் எடை சொல்லி உட்கார வைத்தார். கதாநாயகியின் எடையைச் சொன்னபோது ஒப்பனைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பச்சைக் கதவைத் தட்டினார், புறப்பட்டார்கள்.

நடு ஆற்றில், ஓரத்தில் உட்கார்ந்திருந்த லுவை என்ற நடிகன் சட்டைக்குள்ளிருந்து கத்தியை எடுத்தான். ஒரு கயிற்றை அறுத்தான். ஒரு டியூப் நழுவி, யாரையும் திரும்பிப் பார்க்காமல், தெற்கே போயிற்று. இன்னொன்றையும் அறுத்தான். பச்சைக் கதவின் மூலை இரண்டு விரல் இறங்கியது. அவ்வளவுதான். அலறுவதற்கு மூச்சை இழுத்த நடிகர்கள் அதை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

கரையிலிருந்து சர்மத்தின் ஒலிபெருக்கி கத்தியது. "விழுங்க! யாராவது ஒருத்தராவது விழுங்கய்யா!"

மார்ச் மாதத் தண்ணீர். கதாநாயகி ஒரு விரலை நனைத்துப் பார்த்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டாள்.

தனூன் அறுந்த கயிற்று நுனியைப் பார்த்தார். பிறகு லுவையைத் தலையிலிருந்து கால்வரை, சந்தையில் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"தொண்ணூத்தொண்ணு. கத்திய மடிச்சு வச்சிக்கிட்டு எதிர் மூலையில போய் உக்காரு, தம்பி."

லுவை தவழ்ந்து போய் உட்கார்ந்தான். இறங்கிய மூலை மெல்ல எழுந்தது, தெப்பம் சமமாயிற்று.

ஒலிபெருக்கி இன்னும் கத்திக்கொண்டிருந்தது. தனூன் துடுப்பை மடிமேல் வைத்தார். கரையிலிருந்த கேமராவை நேராகப் பார்த்தபடியே குனிந்து, பச்சைக் கதவை மூன்று தரம் தட்டினார்.