நெஞ்சுத் தகட்டில் ஒரு டொக்கு

கார் ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு உலகத்தில் ஒரே பயம்தான். போலீஸ்கூட இல்லை, டொக்கு. யார் இடித்தாலும், எவன் உரசினாலும், வண்டி உடம்பு நசுங்கி ஒரு டொக்கு விழுந்தால் அது டிரைவர் தலையில்தான் விடியும். அம்பத்தூரில் ஒரு முதலாளி, தன் மகன் கேட்டில் இடித்த காருக்காக டிரைவர் சம்பந்தத்தை வேலையை விட்டே அனுப்பினார். அதற்குப் பிறகு எந்த வண்டியை எடுத்தாலும், ஒரு சுற்று சுற்றி வந்து கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைப் போடுவான்.

அடுத்து அவன் கார் ஓட்டிய நிஷியாமா சார் மட்டும் அவனிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. பூந்தமல்லி தாண்டி ஒரு தொழிற்சாலையில் மேலாளர், ஜப்பான்காரர். மனைவி பிரிந்து போக, ஊரில் வீட்டை விற்றுவிட்டு, மிஞ்சிய ஒரே பூர்வீகச் சொத்தைக் கையோடு கொண்டுவந்து ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார். அவருடைய முப்பாட்டன்கள் சாமுராய் வீரர்களாக இருந்த காலத்துக் கவசம் அது. கொம்பு வைத்த தலைக்கவசம், பல்லைக் காட்டும் இரும்பு முகமூடி, கறுப்பு அரக்குப் பூசிய நெஞ்சுத் தகடு. சம்பந்தம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த ஹாலுக்குள் போவான். அந்த முகமூடியைத் தாண்டி அவன் கண் கீழே இறங்கியதே இல்லை. அவ்வளவு பயம்.

கொரோனா வந்தது. கிடைத்த விமானத்தில் ஊருக்குக் கிளம்பச் சொல்லி நிஷியாமாவுக்குக் கம்பெனியிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. கவசத்தை மரப்பெட்டியில் வைத்து மூடி, சம்பந்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த நாலைந்து தமிழ் வார்த்தைகளில் ஒன்றை நிஷியாமா சொன்னார்: "பத்திரம்." பிறகு அவர் திரும்பவே இல்லை. அங்கேயே புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

பெட்டி சம்பந்தத்தின் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. வெள்ளானூரிலிருந்து மாங்காட்டுக்கு வீடு மாற்றியபோது டாடா ஏஸின் பின்னால் அதைக் கட்டிப் பிடித்தபடியே வந்தான். ஆயுத பூஜைக்குத் தன் காருக்கு வைத்த கையோடு அதற்கும் சந்தனப் பொட்டு வைப்பான். ஒரு மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது, டிவியை விட்டுவிட்டுப் பெட்டியைத்தான் மாடிக்குத் தூக்கினான். மனைவி புஷ்பா எரிந்து விழுந்தாள்.

"அந்த ஆளே செத்துப் பூட்டாரு. நீ யாருக்கு இத்த காவ காத்துகினு கீற?"

"கேட்டு வருவாங்கடி."

வந்தார்கள். நிஷியாமாவின் மகள் யூகோ, கவசத்தை எடுத்துப்போக வருவதாகத் தகவல் அனுப்பினாள். தூசி தட்டி வைப்போம் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பெட்டியைத் திறந்தான். நெஞ்சுத் தகட்டின் நடுவில் கட்டைவிரல் புதையும் அளவுக்கு ஒரு டொக்கு இருந்தது.

அவன் விரலை வைத்துத் தடவிப் பார்த்தான். டாடா ஏஸில் அடிபட்டதா? மாடிப்படியில் இடித்ததா? இத்தனை வருஷம் காப்பாற்றியும் கடைசியில் டொக்கோடு திருப்பித் தருவதா? டிரைவர் புத்தி வேறெங்கே போகும். நெஞ்சுத் தகட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, அம்பத்தூரில் டிங்கரிங் ஷெட் வைத்திருக்கும் மச்சான் ஜெகதீஷிடம் ஓடினான்.

"லாரி மூஞ்சியே நிமித்துறேன், இது இன்னா பெரிய மேட்டரு? குடு மாமா."

கேஸ் வைத்துச் சூடாக்கி, உள்ளேயிருந்து சுத்தியலால் தட்டி, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கறுப்பு பெயிண்ட் அடித்துக் கொடுத்தான் ஜெகதீஷ். முகம் பார்க்கலாம்போல் பளபளத்தது. சம்பந்தம் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினான், பாவம்.

யூகோ தனியாக வரவில்லை. பழைய கவசங்களைப் பார்த்து மதிப்புச் சொல்லும் ஒரு ஜப்பானியக் கிழவரும், பேச்சை மொழிபெயர்க்க ஆவடி குவாட்டர்ஸில் வளர்ந்த சௌம்யா என்ற பெண்ணும் கூட வந்தார்கள். கிழவர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, தலைக்கவசத்தின் உள்ளே டார்ச் அடித்து, செய்தவன் உளியால் வெட்டிய பெயரைப் படித்தார். பட்டுக் கயிற்றின் சாயத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்துத் தலையை ஆட்டினார். நெஞ்சுத் தகட்டுக்கு வந்ததும் அவர் கை நின்றது. பையிலிருந்து அதே கவசத்தின் பழைய போட்டோ ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

அவர் மெல்லச் சொன்னதைச் சௌம்யா தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னாள். "அண்ணா, அந்தக் காலத்துல கவசம் செஞ்சு முடிச்சதும் அது மேல துப்பாக்கியால சுட்டுப் பார்ப்பாங்களாம். துளைக்காம நின்னா, அந்தக் குழியை அப்படியே விட்டுடுவாங்களாம். அதுதான் கவசத்துக்கு அத்தாட்சியாம். போட்டோல இருக்கற அந்தக் குழி இதுல இல்ல. மத்ததெல்லாம் அசல், இது மட்டும் வேறன்னு சொல்றாரு."

யூகோ தலையைக் குனிந்துகொண்டு பேசினாள். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை. அதையும் சௌம்யாதான் தமிழில் சொன்னாள். "நீங்க வித்திருந்தா பரவாயில்லையாம். போலீஸுக்கெல்லாம் போக மாட்டாங்களாம். யார்கிட்ட இருக்குன்னு மட்டும் சொல்லச் சொல்றாங்க."

சம்பந்தம் நெஞ்சுத் தகட்டைத் தொட்டுக் காட்டினான். "இதாம்மா அது. டொக்க எட்த்தது நான்தான்."

கிழவர் மரியாதையாக உதட்டைப் பிதுக்கினார். நம்பவில்லை.

சம்பந்தம் எழுந்து போய்க் காரிலிருந்து ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுவந்தான். என்ன செய்யப்போகிறான் என்று புரிந்து சௌம்யா கத்துவதற்குள், தகட்டின் நடுவில் குத்திச் சுரண்டினான். கறுப்புப் பெயிண்ட் உரிந்தது. வெள்ளைப் பட்டி பொடிப்பொடியாகத் தரையில் கொட்டியது. சூட்டில் நீலம் பாய்ந்து, சுத்தியல் அடியில் பிதுங்கி, ஓரத்தில் விரிசல் விட்ட பழைய இரும்பு வெளியே வந்தது. குழி இருந்த இடத்தில் இப்போது ஒரு மேடு.

கிழவர் கையுறையைக் கழற்றினார். வெறும் விரலால் அந்த விரிசலைத் தடவிப் பார்த்துவிட்டு, யூகோவிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதைச் சௌம்யா மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. யூகோ வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சம்பந்தம் திருடன் இல்லை என்பது நிரூபணமாகிவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். தூக்கப் போனவனை யூகோ கைகாட்டி நிறுத்தினாள். கிளம்பும்போது அவன் முன்னால் இடுப்பு வரை குனிந்து வணங்கி, ஏதோ சொன்னாள். சௌம்யா அதைத் தமிழில் சொல்லாமல் வண்டியைப் பார்த்து நடந்தாள்.

"இன்னாம்மா சொன்னாங்க?"

அவள் திரும்பினாள். "அவங்க அப்பா கடைசி நேரத்துல எது எதுக்கோ பயந்தாராம் அண்ணா. இந்தக் கவசத்தைப் பத்தி மட்டும் பயப்படவே இல்லையாம். உங்ககிட்ட இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தாராம்."

வண்டி போய்விட்டது. புஷ்பா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். சம்பந்தம் அதை அவளிடமிருந்து வாங்கி, தரையில் கிடந்த பட்டித் தூளைத் தானே கூட்ட ஆரம்பித்தான்.