போணிக்கும் ஜிம்முக்கும் நடுவில் இரண்டு இட்லி

போனைத் திறந்தால் ஆளாளுக்குப் பாடம் எடுக்கிறார்கள். ஜிம்முக்குப் போவதற்கு முன்னால் இதைச் சாப்பிடு, வந்த கையோடு அதைச் சாப்பிடு என்று. சொல்கிற எவனும் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்தவனில்லை. எண்ணூர் போகிற ரோட்டில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் வெயிலில் நின்றவனும் இல்லை. என் அக்கா இரண்டையும் தினம் செய்கிறவள். அவளை ஜிம்மில் சேர்த்துவிட்டு நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

அக்காவுக்கு மீன் வியாபாரம். தங்கச்சி எனக்கு ஆட்டோ. ஊர் எழுவதற்கு முன் ஒரு டீயைக் குடித்துவிட்டு இரண்டு பேரும் காசிமேட்டுக்குப் போவோம். அவள் ஏலம் எடுப்பாள். நான் கூடைகளையும் அவளையும் ஆட்டோவில் ஏற்றி, காலடிப்பேட்டை மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்குவேன். அங்கே அவள் பலகை போட்டுத் தரையில் உட்கார்ந்தால், கூடை காலியாகும்வரை எழுந்திருக்க மாட்டாள். கல்யாணமான வருஷத்திலிருந்து அப்படி உட்கார்ந்து உட்கார்ந்தே முட்டி போய்விட்டது.

எடை குறைந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடலாம், குறையவில்லை என்றால் தரையில் உட்காருவதை மறந்துவிடு என்றார் டாக்டர். நாற்காலி போட்டுக்கொள்ளச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து அருவாமனையில் எப்படி மீன் நறுக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை, அது அவர் தப்பும் இல்லை. மார்க்கெட்டில் இடத்துக்குப் பத்திரம் கிடையாது. உட்கார்ந்திருக்கிறவரைக்கும் இடம். நாலு நாள் வராவிட்டால் அங்கே வேறொரு கூடை இருக்கும். அக்காவுக்கு அந்தப் பலகை அளவு இடம்தான் சொத்து. அதனால்தான் ஜிம்.

திருவொற்றியூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த ஜிம். கீழேயிருந்து பன் வாசனை வரும், மேலே வேர்வை வாசனை. மார்க்கெட் முடிகிற நேரத்துக்குப் பெண்கள் பேட்ச். சொல்லிக் கொடுப்பவள் பளு தூக்கின பொண்ணு, தோள் ஒவ்வொன்றும் தேங்காய் மாதிரி இருக்கும். எல்லோரும் மாஸ்டர் என்றால் அக்கா மட்டும் மாஸ்டர் பொண்ணு என்பாள். துணைக்கு யாராவது வந்தால்தான் வருவேன் என்று அக்கா அடம்பிடித்ததில் நானும் சேர்ந்தேன்.

முதல் நாள் மாஸ்டர் பொண்ணு சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். ஓட்ஸ் என்றாள், பீநட் பட்டர் என்றாள்.

"புரோட்டீன் நெறைய வேணும்க்கா. பவுடர் ஒண்ணு கீது, வாங்கிக்கிறியா?"

"ஏம்மா, நான் விக்கிறது இன்னா கத்திரிக்காயா?" என்றாள் அக்கா.

மாஸ்டர் பொண்ணு சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு பவுடர் பேச்சே இல்லை. அவள் போட்டுக்கொடுத்த கணக்கு எளிதானது. ஜிம்முக்கு வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, கூடவே அக்கா தினம் போடுகிற சர்க்கரை வியாதி மாத்திரை. முடித்துவிட்டுப் போய், புளி ஊற்றாமல் எண்ணெய் இல்லாமல் தோசைக்கல்லில் சுட்ட மீன், கைப்பிடி சோறு. கண்ட நேரத்தில் கீழே பேக்கரிப் பக்கம் திரும்பக் கூடாது. அந்தப் பேக்கரியைத் தினம் ஒரு தடவை சபிக்காமல் அவள் பாடத்தை ஆரம்பித்ததில்லை.

பக்கத்தில் நின்ற ஒருத்தி அக்காவிடமிருந்து மீன் நாற்றம் வருகிறது என்று மூக்கைப் பிடித்தாள். நான் அவளை ஒரு பிடி பிடித்தேன். அன்று நான் பேசியதை இங்கே எழுத முடியாது. அடுத்த வாரம் அவளே அக்காவிடம் வஞ்சிரம் எப்போது மலிவாக வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். போகட்டும்.

ஆவணி முழுக்க எல்லாம் ஒழுங்காக ஓடியது. வெயில் ஏறுவதற்குள் அக்காவுக்குப் போணி ஆகிவிடும். அதாவது முதல் வியாபாரம். முதல் காசை வாங்கித் தராசில் தொட்டு, கண்ணில் ஒற்றி, கூடைகளைச் சுற்றிக் காட்டிவிட்டு, டப்பாவைத் திறந்து இட்லி தின்பாள். போணி ஆகாமல் அவள் வாயில் எதுவும் போகாது. மாமியார் காலத்துப் பழக்கம். சாமான் விலைபோகாமல் வயிற்றை நிரப்பினால் அன்றைக்கு மீன் கூடையிலேயே கிடக்கும் என்று நம்பிக்கை. டீ மட்டும் கணக்கில் வராது. ஏன் வராது என்று கேட்டேன். "தண்ணிதானே" என்றாள்.

பிறகு புரட்டாசி வந்தது.

புரட்டாசியில் காலடிப்பேட்டையில் பாதி வீடு கவிச்சி தொடாது. ஆவணியில் கூடையைச் சுற்றி முட்டிக்கொண்டு நின்ற அதே ஜனம், நாமம் போட்டுக்கொண்டு மூக்கைத் திருப்பிக்கொண்டு போகும். வெயில் ஏறும், ஐஸ் உருகும், போணி ஆகாது. இட்லி டப்பா திறக்காமல் கிடக்கும். ஆனால் மாத்திரைக்கு நேரமாகிவிட்டது என்று டீயோடு அதைப் போட்டுக்கொள்வாள். இது எனக்குத் தெரியாது. நான் ஆட்டோவில் சவாரி போய்விட்டு ஜிம் நேரத்துக்குத்தான் வருவேன். டப்பா கூடைக்குள் இருக்கும். தின்றிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

அன்றைக்குக் கன்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. மார்க்கெட்டிலிருந்து ஜிம்முக்குப் போகிற அந்தக் கொஞ்ச தூரத்துக்கு வெயிலில் வெகுநேரம் நின்றோம். அக்கா பேசவே இல்லை. பேசாவிட்டால் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம், அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் லாரிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஜிம்மில் சைக்கிளை மிதிக்க ஆரம்பித்தவள் கொஞ்ச நேரத்தில் நிறுத்தினாள். முகமெல்லாம் வேர்வை.

"இன்னாடி, லைட்ட அணைச்சிட்டாங்களா?" என்றாள். அப்படியே என்மேல் சாய்ந்தாள்.

மாஸ்டர் பொண்ணு அவளைத் தரையில் உட்காரவைத்து, கண் திறந்திருக்கிறதா, விழுங்க முடிகிறதா என்று பார்த்தாள். பிறகு படியில் தாவித் தாவி இறங்கினாள். பேக்கரிக்குத்தான். அவள் தினம் சபித்த அதே பேக்கரி. கை நிறைய சர்க்கரையும் ஒரு ஜூஸும் கொண்டுவந்தாள். அக்கா குடித்தாள். கொஞ்சம் தெளிந்ததும் ஒரு ஜாம் பன்னைப் பிய்த்துப் பிய்த்து அவள் வாயில் ஊட்டினேன். மென்றுகொண்டே அக்கா சொன்னாள்:

"நல்லா கீதே. இத்த ஏன் துன்னக் கூடாதுன்ன?"

மாஸ்டர் பொண்ணு அழுதுகொண்டிருந்தாள். எனக்கும் அழுகைதான் வந்தது, ஆனால் எனக்கு அழுகை வந்தால் வாய் திட்டும். திட்டினேன்.

டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். அந்த மாத்திரை சாப்பாட்டோடு போட வேண்டியது. வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு வெயிலில் நின்று ஜிம்முக்கும் போனால் அடுத்த தடவை பன் தின்ன நினைவிருக்காது. சாப்பிடாத நாளில் ஜிம் கூடாது. ஜிம்மை விட்டால் முட்டி நிற்காது.

வழியெல்லாம் நான் கத்திக்கொண்டே வந்தேன்.

"ரெண்டு இட்லி துன்னா பெருமாள் கோச்சிக்கினு மீன வாங்க வாணாம்னு ஜனத்துக்குச் சொல்லப் போறாரா?"

"நீ ஆட்டோல மொத சவாரிக்கு எவனாவது கடன் சொன்னா ஏத்துவியா? எலுமிச்சம்பழம் தொங்கவுட்டுக்கினு எனக்குப் புத்தி சொல்ல வன்ட்டா."

எலுமிச்சம்பழம் தொங்குவது உண்மைதான்.

சரி, போணியை நானே செய்துவிடலாம் என்று மறுநாள் காலையில் காசை நீட்டினேன். கையைத் தட்டிவிட்டாள். ரத்த சொந்தத்தின் காசு போணியில் சேராது. இந்தக் கையில் இருப்பதை அந்தக் கைக்கு மாற்றுகிற மாதிரியாம். மாஸ்டர் பொண்ணைக் கூப்பிட்டேன். அவள் வீட்டில் புரட்டாசி என்றால் முட்டைகூட உள்ளே வராது. மீனைக் கையில் தொட்டாலே அவள் அம்மா படியேற விடமாட்டாளாம். ஜிம்மில் மற்றவர்களும் அதே கதை. என் ஆட்டோவில் ஏறின ஒரு ஆளிடம் மீன் வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். அவர் நெற்றியைக் காட்டினார். பெரிய நாமம்.

அக்கா இரண்டு நாள் ஜிம்முக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் பலகையிலிருந்து எழுந்திருக்க என் தோளைப் பிடித்தாள். பிடித்த பிடியில் என் தோள் வலித்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் கூடையைத் தூக்கினேன்.

மார்க்கெட்டில் அக்காவுக்கு எதிரே உட்கார்கிற மீன்காரி ஒருத்தி உண்டு. இரண்டு பேருக்கும் ஆகாது. அக்கா மீன் கழுவின தண்ணீர் சரிவில் ஓடி அவள் பலகைக்கு அடியில் போய் நிற்கும். அதில் ஆரம்பித்த சண்டை. புருஷன்மார்கள்வரை இழுத்துத் திட்டியிருக்கிறார்கள். நான் தினமும் இட்லி இட்லி என்று கத்துவதை அவளும் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

நாலாம் நாள். வெயில் ஏறிவிட்டது. நான் சவாரியை விட்டுவிட்டு அக்கா பக்கத்திலேயே நின்றிருந்தேன். எதிர்க்கடைக்காரி எழுந்தாள். ஈரக்காலோடு குறுக்கே வந்து அக்கா முன்னால் நின்றாள்.

"அந்தக் கானாங்கத்தைய எடுமே."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "ஏன், உன் கூடையில கானாங்கத்த இல்லியா?"

"என்னுது நல்லா கீது. உன்னுதுதான் கண்ணு செவந்து கலீஜா கீது. எங்கூட்டுப் பூனைக்குப் போடலாம்னு வந்தேன்."

"உன் பூனைக்கு நான் ஏலம் எடுக்கல. போய்க்கினே இரு. மார்க்கெட்டுக்காரி காசெல்லாம் போணில சேராது."

"சொந்தக்காரி காசுதான் சேராது. நான் உனக்கு யாருமே? அக்காவா, தங்கச்சியா? உன் மூஞ்சில முழிச்சாலே எனக்கு நாள் வெளங்காது. நீ பூட்டின்னா ஒரு மாலை போடுவனா நான்? என்னைவிட அன்னியம் எவ கீறா உனக்கு இந்த மார்க்கெட்ல? புடி காச."

அக்கா யோசித்தாள். மெய்யாகவே யோசித்தாள். அவள் சொன்னதில் தப்பு எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை போலிருக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு காசை வாங்கினாள். தராசில் தொட்டாள், கண்ணில் ஒற்றினாள், கூடைகளைச் சுற்றிக் காட்டினாள். மீனைப் பையில் போட்டாள். கூடவே இரண்டு மீனை அதிகமாகப் போட்டாள்.

"இன்னாத்துக்கு இது?"

"பூனைக்கு."

எதிர்க்கடைக்காரி பையை வாங்கிக்கொண்டும் போகவில்லை. அக்கா டப்பாவைத் திறந்து முதல் இட்லியை வாயில் போடும்வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"துன்னுட்டு ஜிம்முக்குப் போ. முட்டிய சரி பண்ணிக்கினு எயுந்து நின்னு சண்ட போடு. குந்திக்கினுகீறவள திட்டித் திட்டி எனக்கு பேஜாரா பூட்சி."

அக்காவால் பதில் சொல்ல முடியவில்லை. வாயில் இட்லி.

எதிர்க்கடைக்காரிக்கும் புரட்டாசிதானே, அவளுக்கு மட்டும் போணி ஆகியிருக்குமா? கை கழுவிக்கொண்டு அக்கா முட்டியைப் பிடித்துப் பிடித்துக் குறுக்கே போனாள். ஒரு கை நெத்திலியை அள்ளிப் பார்த்து, இதைக் கருவாடு போட்டால் நாயும் தின்னாது என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். ஜிம் முடிந்து வந்ததும் அந்த நெத்திலியைத்தான் மஞ்சளும் மிளகும் தடவித் தோசைக்கல்லில் போட்டோம். மாஸ்டர் பொண்ணு சொன்ன மாதிரி எண்ணெய் இல்லாமல். நான் என் பங்குக்கு மட்டும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக்கொண்டேன். ஜிம்முக்குப் போகிறேன் என்பதற்காக நெத்திலியை வறட்டித் தின்ன என்னால் ஆகாது.

புரட்டாசி முடிகிறவரை தினம் அப்படியே நடந்தது. காலையில் அவள் வந்து திட்டிவிட்டு மீன் வாங்குவாள், அக்கா இட்லி தின்பாள், பிறகு அக்கா போய்த் திட்டிவிட்டு அவளிடம் மீன் வாங்கி வருவாள். டப்பாவில் இட்லி நாலாகிவிட்டதை நான் வெகுநாள் கழித்துத்தான் பார்த்தேன். கேட்டால், "பூனைக்கு" என்றாள்.

அக்கா இளைத்தாள். நிறைய இல்லை. ஆனால் தீபாவளிக்கு அப்புறம் ஒரு நாள் மார்க்கெட்டில் என் தோளைத் தேடாமல், தரையில் கையூன்றி, தானே எழுந்து நின்றாள். ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். பலகை அங்கேயேதான் கிடக்கிறது, அக்கா அதன்மேல்தான் இருக்கிறாள்.

நான் சந்தோஷத்தில் எதிர்க்கடைக்காரியிடம் போய், "நல்ல மனசுக்கா உனக்கு" என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை முறைத்தாள். ஆட்டோவில் ஏறியதும் அக்கா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

"அவகிட்ட எதுக்குடி பல்ல காட்டுன? நாளைக்கே ராசியாயிட்டா அப்புறம் அவளும் நம்ம ஆளு. அவ காசு எப்படி போணில சேரும்? அடுத்த புரட்டாசிக்கு நான் பட்டினி கெடக்கவா?"

அந்தத் தண்ணீர் விஷயத்துக்கு ஒரு செங்கல் போதும். சரிவில் குறுக்கே வைத்தால் தண்ணீர் சாக்கடைப் பக்கம் திரும்பிவிடும். இத்தனை வருஷம் யாருக்கும் தோன்றாததை நான் செய்யலாம் என்று, ஒரு நாள் செங்கல் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் பார்த்தால் செங்கல் இல்லை. தண்ணீர் பழையபடி எதிரே ஓடிக்கொண்டிருந்தது.

"எவ எடுத்தது?" என்று நடுவில் நின்று கத்தினேன்.

அக்கா மீனுக்கு ஐஸ் போட ஆரம்பித்தாள். எதிர்க்கடைக்காரி தராசைத் துடைக்க ஆரம்பித்தாள்.