ஏரியைப் பார்க்காமல் இறங்கியவன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இமயமலையில் ஓர் ஏரிக்கரைக் கூடாரத்தில் ஒரு மணி நேரம் படுத்துக் கிடந்துவிட்டு, அந்த ஏரியை ஒரு சொட்டுக்கூடப் பார்க்காமல் புதுச்சேரி திரும்பியவன் நான். ஏரி கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. தண்ணீர் கல்லில் மோதும் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. பார்க்கத்தான் இல்லை. எங்கள் சொந்தக்காரர்கள் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். எந்த விதத்தில் சொன்னாலும் திட்டு என்னவோ என் மனைவிக்குத்தான் விழுகிறது. அதனால் நானே எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு செப்டம்பரில், இமாசலப் பிரதேசத்தில்.

ஐம்பதைத் தாண்டியவனுக்கு மலையேறும் ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். படித்துக் கெட்டுப்போனதால் வந்தது. பனியில் விரலைப் பறிகொடுத்தவர்கள் எழுதிய புத்தகங்கள் என்றால் எனக்கு உயிர். மின்விசிறிக்கு அடியில் கைலியோடு படுத்துக்கொண்டு நான் ஏறாத சிகரம் கிடையாது. மலையைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஒருவன் நேரில் போகாமல் இருப்பது மலைக்குத்தான் நஷ்டம் என்று ஒருநாள் தோன்றிவிட்டது.

சரி, புதுச்சேரிக்காரன் மலையேறப் பழகுவது எங்கே? எங்கள் ஊர் தோசைக்கல் மாதிரி. ரெட்டியார்பாளையத்தில் இருக்கும் எனக்குப் பக்கத்தில் கிடைத்த ஒரே சிகரம் அரும்பார்த்தபுரம் ரயில்வே மேம்பாலம். முதுகுப்பையில் அரிசி மூட்டையைப் போட்டுக்கொண்டு விடிகாலையில் அதில் ஏறுவேன், இறங்குவேன், மறுபடி ஏறுவேன். பைக்கில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, "சார், பஸ்ஸ விட்டுட்டீங்களா? ஏறுங்க, வில்லியனூர்ல எறக்கி விடறேன்" என்பார்கள். மலையேற்றப் பயிற்சி என்று சொன்னால், பாலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மரியாதையாகப் போய்விடுவார்கள்.

குளிருக்கு உடை வேண்டுமே. எங்கள் ஊரில் ஸ்வெட்டர் தேடுவதும் ஊட்டியில் இளநீர் தேடுவதும் ஒன்று. எதிர்வீட்டுக்காரர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், பாதி வருஷம் பாரீஸில் மகன் வீட்டில் இருப்பார். அவர் தன் கம்பளிக் கோட்டை எடுத்து நீட்டினார். "இத மாட்டினுதான் சார் அங்க பனியில மெத்ரோ புடிக்கப் போவேன். உங்க இமயமலைலாம் இதுக்கிட்ட நிக்காது." கணுக்கால்வரை தொங்கும் கறுப்புக் கோட்டு. நான் மெத்ரோ பிடிக்கப் போகவில்லை என்பது அன்றைக்கு எனக்கும் உறைக்கவில்லை, அவருக்கும் உறைக்கவில்லை.

என் மனைவி தட்டாஞ்சாவடியில் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் பிரிவு சூப்பர்வைசர். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை. பேச்சுக்குத்தான், "துணைக்கு வரியா?" என்று கேட்டேன். "வரேன்" என்று உடனே சொல்லிவிட்டாள். கொஞ்சம் அதிர்ச்சிதான். பயிற்சி செய்யச் சொன்னேன். "என்னா பயிற்சி? நடக்கறதுதான?" என்றாள். அவள் செய்த ஒரே ஏற்பாடு, ஒரு பெரிய டப்பா நிறையக் கருவாட்டுத் தொக்கு.

மலையடிவாரத்தில் எங்கள் குழுவோடு சேர்ந்தோம். பெங்களூருப் பிள்ளைகள் சிலர், நாங்கள் இரண்டு பேர், அந்த ஊர்க்கார வழிகாட்டி ஒருவர். அவர் என் கோட்டைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். இரண்டாம் நாள் தூறலில் அந்தக் கோட்டு தண்ணீரைக் குடித்துக் குடித்து ஓர் ஆள் கனத்துக்கு வந்தது. அதையும் என்னையும் சேர்த்து நான் சுமந்துகொண்டு ஏறினேன். என் மனைவி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். மொழி தெரியாத பிள்ளைகளுக்குத் தமிழிலேயே ஏதோ கதை சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

ஏரிக்குப் போகும் நாள் காலையிலேயே எனக்குத் தலை வலித்தது. இங்கேதான் நான் சுத்தப் புதுச்சேரிக்காரனாக நடந்துகொண்டேன். எங்கள் ஊரில் தலைவலி என்றால் வெயில், இல்லாவிட்டால் காப்பி குடிக்காதது. மூன்றாவது காரணம் எங்கள் அகராதியில் இல்லை. உயரத்தில் காற்று மெலிந்து மூளை வீங்குவதைப் பற்றி நானே ஊரில் பலருக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். அது புத்தகத்தில் வருகிறவர்களுக்கு வருவது. எனக்கு வருவது காப்பித் தலைவலி. நெற்றியில் தைலத்தைப் பூசிக்கொண்டு, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மேலே ஏறினேன்.

மதியத்துக்கு முன்னால் முகாம் வந்துவிட்டது. ஏரி இதோ என்று வழிகாட்டி கையைக் காட்டினார். காட்டிய இடத்தில் மூடுபனிதான் நின்றது. எதிரில் நிற்பவரின் மூக்கு தெரியவில்லை. நான் கூடாரத்துக்குள் போனேன், வெளியே வந்து வாந்தி எடுத்தேன், மறுபடி உள்ளே போனேன். நேராக நடப்பதாக நினைத்துக்கொண்டு கூடாரக் கயிற்றில் தடுக்கி விழுந்தேன்.

வழிகாட்டி வந்து என் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டினார். என் விரலைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி மாட்டினார். அடுத்து என் மனைவி விரலில் மாட்டினார். பிறகு தெளிவான ஆங்கிலத்தில் சொன்னார்: நீங்கள் இப்போதே கீழே இறங்க வேண்டும், கூட ஆள் அனுப்புகிறேன், வெளிச்சம் இருக்கும்போதே ரோட்டுக்குப் போய்விடலாம், அங்கே மருத்துவர் இருக்கிறார். அம்மா நன்றாக இருக்கிறார், அவர் இருக்க விரும்பினால் இருக்கலாம்.

நான் மனைவி பக்கம் திரும்பி மொழிபெயர்த்தேன். "ரெண்டு பேரும் எறங்கணுமாம்."

அது பொய் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. புருஷன் இறங்கினால் பெண்டாட்டியும் இறங்குவாள். அதைத் தனியாக வேறு மொழிபெயர்க்க வேண்டுமா? பேசிக்கொண்டே அவளுடைய தூக்கப் பையைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டேன்.

அவள் என் கையிலிருந்து அதை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அவர் அப்படிச் சொல்லலியே. எனக்கும் அந்த அளவுக்கு இங்கிலீஷ் தெரியும்ங்க. எங்க கம்பெனிக்கு வர்ற ஆடிட்டர் இதவிட மோசமாப் பேசுவாரு."

"சரி, சொல்லல. அதுக்கு இப்ப என்னா?"

"நீங்க எறங்குங்க. நான் இருக்கேன்."

தலைவலியில் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். அவள் நிதானமாகத்தான் பேசினாள். பேக்கிங் பிரிவில் யாராவது தப்பாக லேபிள் ஒட்டினால் இந்தக் குரலில்தான் பேசுவாளாம்.

"திருப்பதியில கியூ கூண்டு வரைக்கும் போயிட்டோம். உங்களுக்கு வயிறு சரியில்ல, திரும்பினோம். கன்னியாகுமரியில போட்டுக்கு நின்னோம். அலையப் பாத்ததும் உங்களுக்குத் தலை சுத்துச்சு, திரும்பினோம். என் தம்பி கல்யாணத்துல பந்தியில மரியாத கொடுக்கலன்னு கோவிச்சினீங்க. முகூர்த்தத்துக்கு முன்னாடியே திரும்பினோம். என் தம்பி தாலி கட்டி நான் பாக்கலங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். அது உயரத்தால் வந்த மூச்சு இல்லை. "எல்லாத்துக்கும் கூடவே திரும்பினேன். இன்னிக்குத் திரும்ப மாட்டேன்."

கூடாரத்துக்கு வெளியே நின்ற பெங்களூருப் பிள்ளைகள் மெல்ல நகர்ந்து போனார்கள். தமிழ் தெரியாவிட்டாலும் சில விஷயங்கள் எல்லா மொழியிலும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும் போலிருக்கிறது.

என்னிடம் கடைசியாக ஓர் அஸ்திரம் இருந்தது. "எனக்கு வழியில எதுனா ஆயிட்டா?"

அவள் வழிகாட்டியிடம் திரும்பி, தன் ஆங்கிலத்தில், என்னைச் சுட்டிக்காட்டிக் கேட்டாள். அவர் தலையை ஆட்டி, இறங்குவதுதான் இதற்கு மருந்து, இறங்க இறங்கச் சரியாகிவிடும் என்றார்.

"கேட்டீங்களா? எறங்குறதுதான் மருந்தாம். நான் கூட வந்தா மட்டும் தலவலி வேகமா எறங்குமா?"

என் முதுகுப்பையைத் தேடி எடுத்தேன். 

ஆனால் ஒன்று. எனக்குச் சட்டைக்கு மேல் சட்டையாக மாட்டிவிட்டது அவள்தான். தைலம், தண்ணீர், மாத்திரை எல்லாவற்றையும் கூட வருகிறவரிடம் கொடுத்து, கையை ஆட்டி ஆட்டித் தமிழிலேயே அவருக்கு விளக்கினாள். முகாமின் விளிம்புவரை வந்தாள். என் ஷூ கயிறு அவிழ்ந்திருந்தது. குனிந்தால் தலை வெடிக்கும் என்று அவளே உட்கார்ந்து கட்டிவிட்டாள். எழுந்து, "பாத்துப் போங்க" என்றாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். ஏரி இருந்த இடத்தில் இருந்த அதே வெள்ளைதான் அவள் இருந்த இடத்திலும் இருந்தது.

இறங்கும்போது முதல் ஒரு மணி நேரம் அவளை எப்படியெல்லாம் கேள்வி கேட்கலாம் என்று வாக்கியம் கட்டிக்கொண்டே வந்தேன். நல்ல வாக்கியங்கள்தான். ஆனால் உயரம் குறையக் குறையத் தலைவலி தளர்ந்தது. தலைவலி தளரத் தளரக் கோபமும் தளர்ந்தது. கோபத்துக்குக்கூட ஆக்சிஜன் பற்றாக்குறைதான் காரணமோ என்னவோ. கீழே மருத்துவர் என்னைச் சோதித்துவிட்டு, மேலேயே படுத்திருந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கும், நேரத்தோடு இறங்கினீர்கள் என்றார்.

போனில் சிக்னல் வந்ததும் குடும்ப வாட்ஸப் குழுவில் நடந்ததைச் சுருக்கமாகப் போட்டேன். அனுதாபம் கொட்டும் என்று எதிர்பார்த்தேன். ஒரே கேள்விதான் கொட்டியது. அவ எங்க? உன்னத் தனியா அனுப்பிட்டாளா? உடம்பு சரியில்லாத புருஷன விட்டுட்டு அங்க என்னா வேடிக்க?

உண்மையைச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் அது இனித்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பாதிக்கப்பட்டவனுக்குரிய முகத்தோடு படித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு மச்சான் எழுதினான்: திரும்பி வந்ததும் ரெண்டு வார்த்த கேளு.

என்ன கேட்பது? தம்பி தாலி கட்டியதை ஏன் பார்க்கவில்லை என்றா?

"நான்தான் அவளை இருக்கச் சொன்னேன்" என்று தட்டினேன். பெருந்தன்மையான வாக்கியம். அதை அழித்தேன். அதிலும் அவள் நான் சொல்லித்தான் இருந்தாள். மறுபடி தட்டினேன்: "அவள் இருக்கிறேன் என்றாள். இருக்கிறாள். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் பதின்மூன்றாயிரம் அடி ஏறிப் போய் அவளிடம் சொல்லலாம். வழி நான் காட்டுகிறேன், பாதிவரை." அனுப்பினேன். குழு ஊமையானது. எங்கள் குடும்ப வரலாற்றில் அது சாதாரண நிகழ்ச்சி இல்லை.

அதற்கு மறுநாள் சாயங்காலம் அவள் இறங்கி வந்தாள். மூக்கு நுனி தோல் உரிந்து, முகம் கருத்து, கருவாட்டு டப்பா காலியாகி. குளிரில் போன் செத்துவிட்டதால் ஒரு படம்கூட எடுக்கவில்லை. விடிந்ததும் பனி விலகியதாம். அவ்வளவுதான் சொன்னாள். மேலே கேட்டேன்.

"தண்ணியில கால விட்டேன். அறுக்கற மாதிரி இருந்துச்சு. வெளிய எடுக்கத் தோணல."

"பாக்க எப்படி இருந்துச்சு?"

"அத எப்படிங்க சொல்றது? நீங்களே போய்ப் பாருங்க."

ஊருக்கு வந்த பிறகு விசாரணைக் கமிஷன் வீட்டுக்கே வந்தது. முத்தியால்பேட்டையிலிருந்து என் அக்கா. உள்ளே நுழையும்போதே, "இன்னாடி இது அநியாயம்? புருஷன் செத்துப் பொழைக்கிறான், நீ ஏரி பாக்கறியா?" என்று ஆரம்பித்தாள். என் மனைவி காப்பி போடப் போனாள். பதிலை நான் சொன்னேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அக்காவை எதிர்த்து நான் பேசிய முதல் பேச்சு அது. சாகக் கிடந்தால் அவள் இறங்கியிருப்பாள், நான் சாகக் கிடக்கவில்லை, இறங்க மட்டும் வேண்டியிருந்தது, அதற்கு ஓர் ஆள் போதும் என்றேன். கன்னியாகுமரியையும் திருப்பதியையும் கல்யாணத்தையும் நானே வரிசையாகச் சொன்னேன். யாருக்காகவும் யாரும் பாதியில் திரும்ப வேண்டியதில்லை, இந்த வீட்டில் இனிமேல் அதுதான் சட்டம் என்று மேசையைத் தட்டினேன். தட்டிய கை வலித்தது.

அக்கா மோவாயில் இடித்துக்கொண்டாள். காப்பியைக் குடித்தாள்.

இன்றைக்கும் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் நான் அதே சட்டத்தைத்தான் சொல்கிறேன், குரலைக்கூடத் தாழ்த்துவதில்லை. நான் பார்க்காத அந்த ஏரியை என் வீட்டில் ஒருத்தி பார்த்திருக்கிறாள் என்பது, நான் படித்த அத்தனை சிகரங்களையும்விட எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அன்றைக்குக் கிளம்பும்போது அக்கா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என் மனைவியை அருகில் இழுத்தாள். தாழ்ந்த குரலில் பேசுவதாக நினைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"அடுத்த வாட்டி போனியானா என்னையும் கூட்டினு போடி. இவன் வேணாம்."